பிரமிடின் வயது: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் ஆலையில் மேற்பார்வை பார்க்கிறேன். ராத்திரி ஷிஃப்டில் வேலை இல்லாத நேரத்தில் எகிப்து பிரமிடுகளைப் பற்றிய வீடியோக்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பார்க்கப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் சொல்கிற கணக்கில் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. செம்பு ரம்பத்தால் கிரானைட்டை அறுத்தார்கள் என்கிறார்கள். தினமும் கல்லோடு புழங்குகிற எனக்கு இதைக் கேட்டால் சிரிப்புதான் வருகிறது.

பிரமிடுக்குப் பக்கத்தில் மனிதத் தலையும் சிங்க உடம்புமாக இருக்கிற ஸ்பிங்க்ஸ் சிலையின் உடம்பில் இருப்பது மழை அரித்த தடம், அங்கே அப்படி மழை பெய்து பல்லாயிரம் வருஷமாகிறது என்று ஒரு புவியியல் பேராசிரியரே சொல்லியிருக்கிறார். பெரிய பிரமிடுக்குள் கூஃபு மன்னரின் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறதாம். அதுவும் 1837இல் ஒரு ஆங்கிலேயர் தானே எழுதி வைத்ததாம். கார்பன் சோதனை செய்தபோது அவர்கள் சொன்னதைவிட நூற்றுக்கணக்கான வருஷம் பழையதாக வந்தது, அதை மூடி மறைத்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். போன வருஷங்களில் ஏதோ ரேடார் படம் எடுத்து, பிரமிடுக்கு அடியில் 600 மீட்டருக்கும் கீழே தூண்கள் போகின்றன என்று செய்தி வந்ததே, அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கி.மு. 10,500 வாக்கில் ஒரு பெரிய நாகரிகம் இருந்து அழிந்திருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்வதில் இவர்களுக்கு என்ன கஷ்டம்? படித்தவர்கள் ஏன் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்?

கே., கிருஷ்ணகிரி

அன்புள்ள கே.,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பிரமிடுகளும் ஸ்பிங்க்ஸும் நிற்கிற கிசாவை அங்குலம் அங்குலமாக அளந்தவர்களில் மிக முக்கியமான இருவர் உங்கள் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான். கருத்தை மாற்றிக்கொண்டவர்களும் அவர்கள்தான்.

மார்க் லேனர் என்ற அமெரிக்கரின் பெயரை அந்த வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள், பெரும்பாலும் வில்லனாக. அவர் 1970களில் இளைஞராக எகிப்துக்குப் போனதே, கடலில் மூழ்கியதாகக் கதை சொல்லும் அட்லாண்டிஸ் நாகரிகத்தைத் தேடித்தான். எட்கர் கேசி என்று ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், 1945இல் இறந்தார். அரைத்தூக்கத்தில் அருள்வாக்கு சொல்பவர். பெரிய பிரமிடு கி.மு. 10,500 வாக்கில் கட்டப்பட்டது, ஸ்பிங்க்ஸுக்கு அருகில் ஓர் ஆவணக் கூடம் புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவர் வாக்கு. இன்றைய வீடியோக்களில் அறிவியல்போல வருகிற அந்த ஆண்டுக்கணக்கு எங்கிருந்து கிளம்பியது என்று இப்போது தெரிந்திருக்கும். கேசியின் பக்தர்கள் நடத்திய அமைப்பின் ஆதரவில்தான் லேனர் எகிப்துக்குப் போனார். போய் ஸ்பிங்க்ஸை ஒவ்வொரு கல்லாக வரைந்தார், அளந்தார். வரைந்து முடிப்பதற்குள் அட்லாண்டிஸ் அவர் கையைவிட்டுப் போய்விட்டது. தான் தேடிவந்த மக்களின் ஒரு ஓட்டாஞ்சில்லுகூட அங்கே இல்லை, கூஃபுவின் வம்சமான நான்காம் வம்சத்து மக்களின் சில்லுகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன என்பதுதான் காரணம்.

அவருக்கு 90 வருஷம் முந்தியவர் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி. ஸ்காட்லாந்தின் அரசு வானியலாளராக இருந்த பியாஸி ஸ்மித், பிரமிடின் அளவுகளில் கடவுளின் கணக்கு ஒளிந்திருக்கிறது என்று 1860களில் எழுதிப் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். பிரமிடின் அடிப்பக்க நீளத்தை அவருடைய 'புனித முழ'த்தால் வகுத்தால் 365.24 வரும், அதாவது ஓராண்டின் நாட்கள். பெட்ரியின் அப்பா ஸ்மித்தின் தீவிர ரசிகர். மகனும் அந்த மயக்கத்தில்தான் 1880இல் கருவிகளோடு கிசாவுக்குப் போய், ஒரு பழைய கல்லறைக் குகையில் குடியிருந்துகொண்டு அளந்தார். ஸ்மித்தின் கணக்கு சரியாக வர 9,140 அங்குலம் வேண்டும். பெட்ரிக்கு வந்தது சுமார் 9,069 அங்குலம். அத்தோடு அவர் அந்தக் கோட்பாட்டைக் கைவிட்டார்.

எல்லோரும் அப்படிக் கைவிடவில்லை. பெரிய பிரமிடுக்குள் இருக்கும் மன்னர் அறைக்கு முந்திய சிறிய அறையில் கிரானைட் பலகை ஒன்றில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சிறு புடைப்பு உண்டு. ஸ்மித்தின் கூட்டத்துக்கு அது ஓர் அளவுகோல். அது கோட்பாட்டுக்குத் தேவையான அளவில் இல்லை என்பதால் ஒரு பக்தர் அரம் வைத்து அதை ராவிக்கொண்டிருந்ததைப் பெட்ரி பதிவுசெய்திருக்கிறார். கருத்தை மாற்றுவதற்குப் பதில் கல்லை மாற்றுவது. எனக்கு மிகப் பிடித்த எகிப்தியல் சம்பவம் இது.

சரி, உங்கள் தொழிலுக்கு வருகிறேன். இதில் உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். கல்லைப் பலகையாக அறுக்கும் இயந்திரமான கேங் சாவில் பழைய மாதிரியைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஆடுகிற எஃகுப் பட்டைக்குப் பல் கிடையாது. பட்டை முன்னும் பின்னும் ஆட, மேலிருந்து எஃகுக் குறுணையும் சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்த குழம்பு விழுந்துகொண்டே இருக்கும். கல்லைத் தின்பது குறுணை, பட்டை அதை இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். செம்பு ரம்பமும் அதே கதைதான். குறுணைக்குப் பதிலாக மணல். மணலில் இருக்கிற குவார்ட்ஸ், கிரானைட்டில் பெரும்பங்கான ஃபெல்ஸ்பாரைவிடக் கடினமானது. டெனிஸ் ஸ்டாக்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் செம்புப் பட்டையும் செம்புக் குழாய்த் துளைப்பானும் செய்து, மணல் போட்டு, அஸ்வான் கிரானைட்டை அறுத்தும் துளைத்தும் காட்டியிருக்கிறார். மகா மெதுவான வேலை. கல் தேயத் தேயச் செம்பும் தேய்ந்துகொண்டே போகும். ஆனால் அறுபடும். இன்னொன்று, பெரிய பிரமிடில் சுமார் 23 லட்சம் கற்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் மிகப் பெரும்பாலானவை சுண்ணாம்புக் கல். கிரானைட் மன்னர் அறையிலும் அதைச் சுற்றியும்தான்.

அந்த மன்னர் அறையில் கிரானைட்டில் குடைந்த கல்பெட்டி ஒன்று இருக்கிறது. வீடியோக்காரர்கள் அதை லேசரில் வெட்டியதுபோலக் காட்டுவார்கள். பெட்ரி அதைத் தடவித் தடவிப் பார்த்து எழுதியதைப் படித்தால் வேறு படம் கிடைக்கும். பெட்டியின் வடக்கு முனையில் ரம்பம் கோணிப்போய் அளவுக்கு மேல் உள்ளே இறங்கியிருக்கிறது. வேலையாட்கள் அதைக் கவனித்து, ரம்பத்தை வெளியே எடுத்து, மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். மறுபடியும் கோணியிருக்கிறது. இரண்டு அங்குலம் கீழே போய் மறுபடி வெளியே எடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு தப்பும் மன்னரின் பெட்டியில் அப்படியே நிற்கின்றன. உங்கள் ஆலையில் இப்படி ஒரு பிளாக் வந்தால் அன்றைக்கு அந்த ஷிஃப்டில் யார் இருந்தது என்று நீங்கள் விசாரித்திருப்பீர்கள்.

இப்போது 1837க்கு வருவோம். அந்த ஆங்கிலேயர் கர்னல் ஹோவர்ட் வைஸ். மன்னர் அறையின் கூரைக்கு மேல், எடையைத் தாங்குவதற்காக, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாழ்வான ஐந்து அறைகள் இருக்கின்றன. முதல் அறைக்குள் 1765இல் டேவிசன் என்பவர் போய்விட்டார். மேலே இருந்த நான்கும் கட்டிய நாளிலிருந்து மூடியே கிடந்தவை. வைஸ் வெடிமருந்து வைத்து வழி உடைத்துக்கொண்டு போனார். நாசவேலைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாசக்காரர் என்பதால் மோசடிக்காரர் ஆகிவிடமாட்டார். உள்ளே கற்களில் செங்காவி நிறத்தில் எழுத்துகள் இருந்தன. இவை கல்வெட்டுகள் அல்ல. குவாரியில் எந்தக் கும்பலின் கல் எது என்று அடையாளம் தெரிவதற்காகக் கிறுக்கியவை. 'கூஃபுவின் நண்பர்கள்' என்கிற மாதிரிக் கும்பல் பெயர்கள். நீங்களும் பிளாக்கின் மேல் பெயின்டில் எண் போடுவீர்கள் அல்லவா, அந்த ரகம்.

வைஸ் இதைத் தானே எழுதினார் என்று 1980இல் ஒரு நூலில் குற்றச்சாட்டு வந்தது. அன்றிலிருந்து அதுவே சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு வாதத்தை மட்டும் நான் மரியாதையோடு அணுகத் தயாராக இல்லை. எழுத்துகளில் சில தலைகீழாக இருக்கின்றன, சில பக்கவாட்டில் படுத்திருக்கின்றன. காரணம், கல் தரையில் கிடந்தபோது எழுதி, பிறகு தூக்கிவைக்கும்போது திருப்பி வைத்திருக்கிறார்கள். சில எழுத்துகள் இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள இடுக்குக்குள் தொடர்ந்து போகின்றன. அங்கே தூரிகை நுழையாது. அதைவிட முக்கியமானது, அங்கே கூஃபு என்ற பெயரோடு, க்நும்-கூஃபு என்ற முழு வடிவமும் மெஜெது என்ற இன்னொரு பட்டப்பெயரும் இருந்தன. 1837இல் எகிப்திய எழுத்தைப் படிக்கத் தொடங்கிச் சுமார் பதினைந்து வருஷங்களே ஆகியிருந்தன. க்நும்-கூஃபுவைப் பார்த்து அன்றைய அறிஞர்கள் குழம்பி, இரண்டு மன்னர்களோ என்று விவாதித்தார்கள். மெஜெது கூஃபுவின் பெயர்தான் என்பது பிற்பாடுதான் தெளிவானது. தனக்கும் தன் காலத்து அறிஞர்களுக்கும் தெரியாத ஒன்றைச் சரியாக எழுதிவைத்த மோசடிக்காரர் என்றால் அவர் மகா அதிசயப் பிறவிதான்.

இந்த எழுத்துக்கும் அரம் வந்தது. 2013இல் ஜெர்மனியிலிருந்து வந்த சிலர் அந்த அறைக்குள் ஏறி, அங்கிருந்து சாயத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். எகிப்து நீதிமன்றம் அவர்கள் இல்லாமலேயே வழக்கு நடத்தித் தண்டனை விதித்தது.

ஆனால் வைஸை மறந்துவிட்டாலும் பரவாயில்லை, இன்று நம்மிடம் மெரெர் இருக்கிறார். இவரைப் பற்றி உங்கள் வீடியோக்களில் ஒரு வரிகூட வராது என்று பந்தயம் கட்டுவேன்.

செங்கடல் கரையில், சூயஸுக்குத் தெற்கே வாடி அல் ஜர்ஃப் என்று ஒரு வறண்ட இடம். கூஃபு காலத்துத் துறைமுகம். சினாய்க்குப் போய்ச் செம்பு கொண்டுவருவதற்கான படகுகளைக் கழற்றி, பாறையில் குடைந்த நீண்ட அறைகளில் பூட்டிவைத்துவிட்டுப் போவார்கள். உங்கள் ரம்பத்துக்கான செம்பு இந்த வழியாகத்தான் வந்திருக்கும். அந்த அறைகளின் வாசலை அடைத்த பெரிய கற்களுக்கு நடுவில், 2013இல் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு பாப்பிரஸ், அதாவது நாணல் தாள், துண்டுகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை. அவற்றில் ஒரு பகுதி, மெரெர் என்ற மேஸ்திரியின் தினக்குறிப்பு. அவருக்குக் கீழே சுமார் 40 ஆட்கள், ஒரு படகு.

கட்டம் போட்ட தாள் அது. மேலே நாள், கீழே அன்றைய வேலை. இப்படிப் போகிறது: இன்று ஆட்களோடு தெற்கு துராவில் கல் ஏற்றினோம், ராத்திரி அங்கேயே தங்கல். அடுத்த நாள் கல்லோடு புறப்பட்டோம், ராத்திரி கூஃபுவின் ஏரியில் தங்கல். அதற்கடுத்த நாள் கல்லோடு 'கூஃபுவின் அடிவானம்' போய்ச் சேர்ந்தோம், அங்கே தங்கல். மறுநாள் காலை காலிப்படகோடு திரும்பி மறுபடி துரா. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. கூஃபுவின் அடிவானம் என்பது பெரிய பிரமிடின் அன்றைய பெயர். துரா என்பது நைலுக்கு அக்கரையில், வெள்ளைச் சுண்ணாம்புக் கல் குவாரி. பிரமிடின் வெளிப்பூச்சுக் கல் அங்கிருந்துதான் வந்தது. நடுவில் இருந்த அந்தத் துறையின் பொறுப்பாளர் பெயரும் இருக்கிறது: அன்க்ஹாஃப், வேறு தாய்க்குப் பிறந்த கூஃபுவின் சகோதரர். அவருடைய கல்லறை கிசாவிலேயே உண்டு, அவர் முகச்சிலை பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, களைத்துப்போன அதிகாரியின் முகம்.

தினக்குறிப்போடு கணக்கு ஏடுகளும் கிடைத்தன. எவ்வளவு தானியம் வந்தது, எவ்வளவு பாக்கி என்று. பாக்கிக் கணக்கை இரண்டு வண்ண மையில் எழுதிவைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் படிக்கும்போது அட்லாண்டிஸ் எனக்கு எங்கோ போய்விடுகிறது. எந்தக் கான்ட்ராக்டரும் எழுதுகிற நோட்டு இது.

நீங்கள் கேட்கலாம்: மெரெர் வெளிப்பூச்சுக் கல்தானே கொண்டுவந்தார், உள்ளே இருக்கும் பழைய பிரமிடுக்குப் பூச்சு மட்டும் போட்டிருக்கலாமே? நல்ல கேள்வி. அதற்குத்தான் வைஸின் அறைகள் பதில் சொல்கின்றன. அவை பிரமிடின் வயிற்றில் இருக்கின்றன. அந்தக் கற்களைத் தூக்கிவைப்பதற்கு முன்பே கூஃபுவின் ஆட்கள் அவற்றில் எழுதிவிட்டார்கள். உள்கற்களை வெட்டியெடுத்த குவாரி பிரமிடுக்குத் தெற்கே, அந்தப் பாறைமேட்டிலேயே பள்ளமாகத் திறந்து கிடக்கிறது.

கார்பன் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. பிரமிடின் கற்களுக்கு நடுவே உள்ள சாந்தில் கரித்துணுக்குகள் இருக்கின்றன. சாந்துக்கு ஜிப்சம் சுட்டபோது விறகு எரித்த கரி. 1984இல் அதை எடுத்துச் சோதித்தபோது, வரலாற்றாசிரியர்கள் சொன்னதைவிடச் சராசரியாக 374 வருஷம் பழையதாக வந்தது. சோதித்தவர்களில் முக்கியமானவர் நான் சொன்ன அதே லேனர், பணத்தில் ஒரு பங்கு கேசி அமைப்பினுடையது. மூடி மறைக்கவில்லை, வெளியிட்டார்கள். 1995இல் இன்னும் நிறைய மாதிரிகளோடு திரும்பச் செய்தபோது வித்தியாசம் 100லிருந்து 200 வருஷமாகக் குறைந்தது. அப்புறம் 2010இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று, அருங்காட்சியகங்களில் இருந்த விதை, கூடை, செடித்தண்டு போன்ற, ஓரிரு வருஷமே உயிரோடு இருந்த பொருட்களைச் சோதித்தது. அந்த வருஷங்கள் அரச வரிசையோடு நன்றாகவே பொருந்தின. சக்காராவின் படிப் பிரமிடைக் கட்டிய ஜோசர் ஆட்சிக்கு வந்தது கி.மு. 2691க்கும் 2625க்கும் இடையில் என்று வந்தது.

கரிக்கும் கூடைக்கும் ஏன் இந்த வித்தியாசம்? கார்பன் சொல்வது மரத்தில் அந்த வளையம் வளர்ந்த காலத்தை. எரித்த காலத்தை அல்ல. விறகுக்குப் பஞ்சமான நாட்டில் பழைய உத்தரம், உடைந்த படகு, பழைய குடியிருப்பின் குப்பை எல்லாம் அடுப்புக்குப் போகும்.

இதற்கு அழகான உதாரணம் ஒன்று உண்டு. 1872இல் வேய்ன்மன் டிக்ஸன் என்ற பொறியாளர் அரசி அறையின் சுவரில் உள்ள குறுகிய புழைகளைத் திறந்தபோது மூன்று பொருள்கள் கிடைத்தன: ஒரு கல் குண்டு, ஒரு செம்புக் கொக்கி, ஒரு தேவதாருத் துண்டு. முதல் இரண்டும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. மரத்துண்டு காணாமல் போய்விட்டது. அது ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாகப் போய், ஆசியப் பொருட்களோடு கலந்து கிடந்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் அபீர் எல்அதானி என்ற எகிப்தியப் பெண்மணி பொருட்களைச் சரிபார்க்கும்போது ஒரு பழைய சுருட்டு டப்பாவைப் பார்த்தார். டப்பாவின் மேல் எகிப்தின் பழைய கொடி. இது ஆசியாவில் என்ன செய்கிறது என்று திறந்தால் உள்ளே மரத்துண்டுகள். சோதித்ததில் கி.மு. 3341க்கும் 3094க்கும் இடைப்பட்டது என்று வந்தது. கூஃபுவுக்கு 500 வருஷம் முந்தியது. தேவதாரு நூற்றாண்டுகள் வாழும் மரம். தண்டின் நடுப்பகுதியாக இருக்கலாம், பழைய மரத்தை மறுபடி பயன்படுத்தியிருக்கலாம். இதில் பேச இடம் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இத்தனை சோதனைகளில் வருஷம் எவ்வளவு பின்னால் போனாலும் நூற்றாண்டுகளில்தான் போகிறது. கி.மு. 10,500 பக்கம் ஒரு துணுக்குக் கரியும் எட்டிப் பார்க்கவில்லை.

ஸ்பிங்க்ஸ் விஷயம் வேறு. அங்கே எழுப்பப்பட்டது நியாயமான கேள்வி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் ராபர்ட் ஷோக், 1991இல், ஸ்பிங்க்ஸைச் சுற்றியுள்ள பள்ளத்தின் சுவர்களைப் பார்த்து, இந்த உருண்டு வளைந்த செங்குத்துப் பிளவுகள் காற்று அரித்தவை அல்ல, மேலிருந்து வழிந்த தண்ணீர் அரித்தவை என்றார். முதலில் அவர் சொன்ன காலம் கி.மு. 7000லிருந்து 5000 வரை. பிறகுதான் பனியுகத்தின் முடிவு வரை தள்ளிக்கொண்டு போனார். ஸ்பிங்க்ஸ் தன் வாழ்நாளில் பெரும்பகுதி கழுத்துவரை மணலில் புதைந்து பாதுகாப்பாக இருந்தது, அப்படியிருக்க இவ்வளவு அரிப்பு எப்படி என்பது அவருடைய வலுவான வாதம். எகிப்தியலாளர்கள் ஆரம்பத்தில் அவரைக் கேலி செய்து அனுப்பப் பார்த்தார்கள். அது சரியில்லை.

பதில்கள் மெல்ல வந்தன. ஸ்பிங்க்ஸின் உடம்பு வெட்டப்பட்ட பாறை, ஒரு அடுக்கு கெட்டி, ஒரு அடுக்கு மிருது என்று மாறி மாறி வருவது. தலை இருக்கும் மேலடுக்கு நல்ல கெட்டி, அதனால்தான் முகம் இந்த அளவுக்காவது நிற்கிறது. லால் கௌரி என்ற புவியியலாளர் காட்டியது உப்பின் வேலையை. ராத்திரிப் பனி பாறைக்குள் உள்ள உப்பைக் கரைக்கும், பகல் வெயிலில் உப்பு படிகமாகும்போது பாறையின் மேல்தோலைப் பிய்த்துத் தள்ளும். இது இன்றும் நடக்கிறது. 1988இல் ஸ்பிங்க்ஸின் தோளிலிருந்து ஒரு பெரிய துண்டு அப்படியே கழன்று விழுந்தது. அப்புறம் மழை ஒன்றும் அங்கே அறவே நின்றுவிடவில்லை. கிசாவின் மூன்றாவது பிரமிடான மென்கௌரேயின் பள்ளத்தாக்குக் கோயிலை வெள்ளம் இடித்துத் தள்ளி, பிறகு ஆறாம் வம்ச காலத்தில் திரும்பக் கட்டியதன் தடயங்களை ரெய்ஸ்னர் என்ற தொல்லியலாளர் தோண்டியெடுத்தார்.

தண்ணீர் வாதத்தை ஏற்றுக்கொண்ட இன்னொரு புவியியலாளர் காலின் ரீடர் சொல்வது எனக்கு அதிகச் சுவாரசியம். ஸ்பிங்க்ஸுக்கு மேற்கே, மேட்டுப்பக்கம், கூஃபு காலத்துக் குவாரிப் பள்ளங்கள் இருக்கின்றன. மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீர் அந்தப் பள்ளங்களில் விழுந்துவிடும், ஸ்பிங்க்ஸின் மேற்குச் சுவரை எட்டாது. ஆனால் அந்தச் சுவர்தான் அதிகம் அரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஸ்பிங்க்ஸ் கூஃபுவுக்கு முந்தியது என்கிறார். எவ்வளவு முந்தியது? சில நூற்றாண்டுகள். ஆதி வம்ச காலம். தண்ணீரை ஏற்றுக்கொண்டால்கூட அது உங்களை அட்லாண்டிஸ்வரை கொண்டுபோய் விடாது.

என் ஓட்டு இன்னும் நான்காம் வம்சத்துக்குத்தான். பள்ளத்தை வெட்டும்போது எடுத்த பிரம்மாண்டமான கற்களைக்கொண்டுதான் முன்னால் உள்ள ஸ்பிங்க்ஸ் கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். லேனரும் புவியியலாளர் தாமஸ் ஐக்னரும் கோயில் கற்களின் அடுக்குகளைப் பள்ளத்தின் அடுக்குகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார்கள். அந்தக் கோயில் முடிக்கப்படவே இல்லை. பள்ளத்தின் வடகிழக்கு மூலையில் இழுத்துக்கொண்டு போகும் வழியில் விட்டுவிட்ட பெரிய கற்கள் கிடந்தன, அவற்றுக்கு அடியில் பழைய அரசுக் காலத்து, அதாவது பிரமிடுகள் எழுந்த காலத்து, பானைச் சில்லுகளும் கல் சுத்தியல்களும் இருந்தன.

எந்த மன்னர் என்பதில் எகிப்தியலாளர்களே அடித்துக்கொள்கிறார்கள். பெரும்பான்மை கூஃபுவின் மகன் காஃப்ரே என்கிறது. ரெய்னர் ஸ்டாடெல்மன் இல்லை, அவர் அப்பா கூஃபு என்றார். வாசில் தோப்ரெவ் நடுவில் ஆண்ட ஜெதெஃப்ரே என்றார். பிரமிடின் வருஷத்திலும் அப்படித்தான். 2000இல் கேட் ஸ்பென்ஸ், பிரமிடின் பக்கங்கள் வடதிசையிலிருந்து விலகும் நுண்ணிய அளவையும் இரண்டு நட்சத்திரங்களின் நகர்வையும் வைத்து, கூஃபுவின் காலத்தைச் சுமார் 75 வருஷம் பின்னுக்கு, நம் காலத்தை நோக்கி இழுத்தார். எல்லோரும் ஏற்கவில்லை, ஆனால் அந்தக் கட்டுரையை வெளியிட்டது நேச்சர் இதழ். மெரெரின் குறிப்பேகூடப் பழைய கணக்கைக் குழப்பியது. தூரின் அரச பட்டியல் என்கிற பழைய எகிப்தியப் பாப்பிரஸ் கூஃபுவுக்கு 23 வருஷ ஆட்சி கொடுக்கிறது. மெரெர் எழுதுவதோ 13ஆவது மாட்டுக் கணக்கெடுப்புக்கு அடுத்த வருஷம். கணக்கெடுப்பு இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்றால் அது 27ஆவது ஆட்சி ஆண்டு. உடனே எல்லோரும் திருத்திக்கொண்டார்கள்.

கி.மு. 10,500 நாகரிகத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: சாப்பிட்ட இடம் எங்கே? கூஃபுவின் வாரிசுகளுக்கு வேலை செய்தவர்கள் சாப்பிட்ட இடம் ஸ்பிங்க்ஸுக்குத் தெற்கே, காக்கைச் சுவர் என்று அழைக்கப்படும் பெரிய கல் மதிலுக்கு அப்பால் இருக்கிறது. 1991இல் அங்கே ரொட்டிக் கூடம் கிடைத்தது. மணி போன்ற தடித்த மண் அச்சுகள், அவற்றை வைத்துச் சுடும் குழி, சாம்பல். குவியலாக மாட்டெலும்பு, ஆட்டெலும்பு. அதற்கு முந்தின வருஷம் ஒரு குதிரை கால் இடறிய இடத்தில் தோண்டியபோது வேலையாட்களின் கல்லறைகள் வந்தன. முறிந்து, கட்டுப்போட்டு, நேராகக் கூடிய கை எலும்புகள் அங்கே உண்டு. கற்காலத்திலேயே பெரிய கட்டுமானம் இருந்ததற்கு கோபெக்லி தெபே சாட்சி என்பீர்கள். துருக்கியின் அந்த இடம் உண்மையிலேயே கி.மு. 9500 வாக்கிலானது. ஆனால் அங்கே கட்டியவர்களின் கல் கருவிகளும் அவர்கள் தின்ற மான் எலும்புகளும் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. அதனால்தான் வயது தெரிந்தது, அதனால்தான் தொல்லியலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியாக அந்த ரேடார். 2025 மார்ச்சில் இத்தாலியர் குழு ஒன்று அறிவித்தது: காஃப்ரே பிரமிடுக்கு அடியில் எட்டு செங்குத்துக் குழாய்கள், 648 மீட்டர் ஆழம். சக ஆய்வாளர்கள் சரிபார்த்து இதழில் வந்த முடிவாக அல்ல, பத்திரிகையாளர் கூட்டத்தில் சொன்னார்கள். செயற்கைக்கோள் ரேடார் கெட்டிப் பாறைக்குள் அவ்வளவு ஆழம் ஊடுருவாது என்று ரேடார் நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்பிங்க்ஸ் பக்கம் நிலத்தடி நீரை இறக்கவே பம்பு வைத்து இறைக்க வேண்டியிருந்தது, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிரமிடுக்குள் யாரும் பார்க்க விரும்பவில்லை என்பதும் இல்லை. காஃப்ரே பிரமிடையே 1960களில் லூயிஸ் ஆல்வாரெஸ் என்ற நோபல் இயற்பியலாளர் விண்ணிலிருந்து வரும் மியூவான் துகள்களை வைத்துத் துழாவினார். தேடிய பகுதியில் அறை எதுவும் இல்லை. அதே முறையில் 2017இல் கூஃபு பிரமிடில் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள ஒரு வெற்றிடம் தெரிந்தது. வடக்கு முகத்துக்குப் பின்னால் 9 மீட்டர் நடைவழி ஒன்று இருப்பதாக அதே குழு சொல்லி, 2023இல் கல் இடுக்கு வழியாகச் சின்னக் கேமராவை நுழைத்துப் படமும் எடுத்துக் காட்டியது. மியூவான் குழு தன் தரவை மற்றவர்கள் பார்க்கக் கொடுத்தது. 648 மீட்டர்காரர்களும் கொடுக்கட்டும், அப்புறம் அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்